வெட்டாது விட்ட புல்

ஒரு காரியத்தைச் செய்வதால் அறம் உண்டாகும் என்பதை எவரும் மறுப்பதில்லை. பசித்தவனுக்குச் சோறிடுதலும், படிக்க வழியில்லாத பிள்ளைக்குப் பணங்கட்டுதலும் கண்ணுக்குத் தெரியும் நற்செயல்கள். ஒன்றைச் செய்யாது விடுவதும் அறமாகுமோ என்று கேட்டால், ஆம் என்றே நம் முன்னோர் விடை தந்திருக்கின்றனர். கொல்லாமை, கள்ளாமை, வெகுளாமை, புறங்கூறாமை, கள்ளுண்ணாமை என்று 'ஆமை' கூட்டிப் பெயரிட்ட அறங்கள் நம் நீதிநூல்களில் வரிசையாக நிற்கின்றன. ஆனால் அவ்வரிசையின் கடைசியிற் 'புல் வெட்டாமை' என்று ஒன்றைச் சேர்த்தால் வாசக அன்பர்கள் நகைப்பார்கள். நகைத்தல் தவறென்று நாம் சொல்லோம். முதன்முதல் கேள்வியுற்றபோது நாமும் நகைத்தோம். தோட்டத்துக் கிராணியாக இருந்து, இன்று எத்தனை ஆள் புல் வெட்டினர், எத்தனை ஏக்கர் முடிந்தது என்று எழுதியே வயிறு வளர்க்கும் நமக்குப் புல் வெட்டாமையை ஒருவர் அறமென்று போதித்தால் வேறென்ன தோன்றும்?

ஆயினும் அப்போதனை விளையாட்டன்று. பிரிட்டனில் பிளாண்ட்லைஃப் என்னும் தாவரப் பாதுகாப்புச் சங்கத்தார் 2019ஆம் வருஷம் முதல், மே மாதம் முழுதும் வீட்டுப் புல்தரையை வெட்டாது விடுங்கள் என்று ஜனங்களிடம் பிரசாரம் செய்து வருகிறார்கள். அது கடல் கடந்து அமெரிக்காவிலும் பரவிற்று. பணம் கேட்கவில்லை, உழைப்புக் கேட்கவில்லை, கையிலுள்ள பொறியைக் கொட்டகையில் வைத்துவிட்டுச் சும்மா இருங்கள் என்பதே வேண்டுகோள். இவ்வளவு சுலபமான அறம் உலகத்தில் வேறு உண்டோ என்று எண்ணத் தோன்றும். சுலபமோ அன்றோ என்பதைப் பின்னாற் பார்ப்போம்.

வசந்தகாலத்தை ஆங்கிலப் பள்ளியிற் பயின்ற நம் போன்றோர் பாடப் புத்தகத்திற் கற்றோமேயன்றிக் கண்ணாற் கண்டோமில்லை. மழை மிகுந்த மாதம், மழை குறைந்த மாதம் என்ற இரண்டையே அறிந்த நமக்கு, ஒரு தேசம் முழுவதும் மாதக்கணக்கில் பூவின்றிக் கிடந்து பின்பு விழித்தெழும் என்பது கதைபோலிருக்கும். பிரிட்டனில் 270 வகைக்கு மேற்பட்ட தேனீக்கள் உண்டு. தேன்பெட்டியில் வளர்க்கப்படுவது அவற்றுள் ஒரே வகை. மற்றவற்றுட் பெரும்பாலன கூட்டமாய் வாழாமல், தனித்தனியே மண்ணிலும் மரப்பொந்திலும் முட்டையிடுபவை. பம்பிள்பீ எனப்படும் பருத்த, மயிரடர்ந்த தேனீக்கள் வேறொரு சாதி. குளிர் வருமுன் அவற்றின் கூட்டிலுள்ளோர் யாவரும் மடிந்துபோக, கருவுற்ற இளம் ராணிகள் மட்டும் மண்ணுக்குள் ஒடுங்கி உறங்கும். குளிர் தணியத் தொடங்கியதும் அந்த ராணி தனியளாய் வெளிப்பட்டுக் கூட்டுக்கு இடந்தேடி, முட்டையிட்டு, தன் உடற்சூட்டால் அடைகாத்து, இடையிடையே வெளியே பறந்து தேனும் மகரந்தமும் கொணர்ந்து முதற் குஞ்சுகளை வளர்க்கவேண்டும். ஏவலுக்கு ஆளில்லாத ராணி அவள். அந்த வாரங்களிற் பூக்கள் அருகில் இல்லையெனில் அக்குடும்பம் தொடங்கு முன்னரே முடிந்துவிடும்.

முற்காலத்தில் அவளுக்குப் புல்வெளிகள் இருந்தன. வைக்கோலுக்காக வருஷத்துக்கு ஒருமுறை அறுக்கப்பட்டு, மற்றக் காலமெல்லாம் பூத்துக் கிடந்த வெளிகள் அவை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1930களில் இருந்த அத்தகைய தாழ்நிலப் புல்வெளிகளில் 100க்கு 97 பங்கு, 1980களுக்குள் உழவாலும் உரத்தாலும் அழிந்தது. எஞ்சியது வீட்டுக்கு முன்னும் பின்னும் உள்ள புல்தரை. அதில் தானே முளைக்கும் மஞ்சள் நிற டாண்டிலியனும் வெள்ளைக் குளோவரும், வீட்டுக்காரனுக்குக் களை, ராணிக்குச் சோறு. வாரந்தோறும் பொறி ஓடினால் இரண்டும் பூக்குமுன் தலையிழக்கின்றன.

இந்தப் புல்தரை என்னும் வழக்கம் எவ்வாறு வந்தது என்பதையும் சற்று நோக்கவேண்டும். விளைச்சல் எதுவும் தராத நிலத்தை மட்டமாக வெட்டி வைத்திருத்தல் பழைய பிரபுக்களின் ஆடம்பரம். எனக்கு இவ்வளவு நிலம் சும்மா கிடக்கிறது, அதனை அரிவாள் கொண்டு செதுக்க இத்தனை ஆள் இருக்கிறார்கள் என்று அக்கம்பக்கத்தார்க்கு அறிவிக்கும் விளம்பரப் பலகை அது. ஏழைக்கு அந்த ஆடம்பரம் எட்டவில்லை. 1830ஆம் வருஷம் குளோஸ்டர்ஷயரில் ஸ்ட்ரௌட் என்னும் ஊரில் எட்வின் பட்டிங் என்பவர் புல்வெட்டும் பொறிக்குக் காப்புரிமை பெற்றார். கம்பளித் துணியின் மேற்பிசிரைக் கத்தரிக்கும் ஆலைப் பொறியைக் கண்டு அதனைப் புல்லுக்கு மாற்றினார் என்பர். அன்று முதல் பிரபுவின் விளம்பரம் நடுத்தரக் குடும்பத்தின் கடமையாயிற்று. இன்று அமெரிக்க நகரங்கள் பலவற்றில் புல் இத்தனை அங்குலத்துக்கு மேல் வளரலாகாது என்று நகரசபைச் சட்டமே உண்டு, மீறினால் அபராதம். ஒருகாலத்தில் ஒருவன் தன் செல்வத்தைக் காட்டச் செய்த காரியத்தை, பிற்காலத்தில் எல்லாரும் அவமானத்துக்கு அஞ்சிச் செய்கின்றனர். 'நாலு பேர் என்ன சொல்வார்கள்' என்ற அந்தப் பூச்சாண்டி நம்மவரின் கலியாணப் பந்தலில் மட்டும் குடியிருப்பதாக நாம் எண்ணியிருந்தோம். அதற்குக் கடல் கடந்தும் கிளைகள் உண்டு போலும்.

களை என்ற சொல்லும் இத்தகையதே. களையாகப் பிறக்கும் செடி ஒன்றும் இல்லை. நமக்கு வேண்டாத இடத்தில் நின்றதால் நாம் இட்ட பெயர் அது. பிறப்பால் இழிந்தது என்று ஒன்றைச் சொல்லும் பழக்கத்தை மனிதரிடையே ஒழிக்கவேண்டும் என்று பேசும் நாம், செடிகளைப் பற்றிப் பேசும்போது மட்டும் யோசிப்பதில்லை. நம் இலக்கியத்திலும் களைக்கு நற்பெயர் இல்லை. கொடியோரை அரசன் ஒறுத்தலைப் பயிருக்குக் களையெடுத்தலோடு ஒப்பிட்டார் வள்ளுவர். உழவனுக்கு அவ்வுவமை முற்றும் பொருந்தும். பயிரே இல்லாத புல்தரையில் எது எதனைக் காக்க வெட்டப்படுகிறது?

இதுவரை சொன்னதைக் கேட்டு, சரி, மே மாதத்திற் புல் வெட்டுவோரெல்லாம் பாவிகள் என்று நாம் முடிவு கட்டிவிட்டதாக எண்ணவேண்டா. இங்கேதான் ஒரு சங்கடம் இருக்கிறது. அதனை மறைத்தால் இக்கட்டுரை பிரசாரமாகுமேயன்றி ஆராய்ச்சியாகாது.

அமெரிக்காவில் விஸ்கான்சின் மாகாணத்து ஆப்பிள்டன் நகரசபை 2020ஆம் வருஷ மே மாதத்தில் தன் புல் சட்டத்தை நிறுத்திவைத்தது. நானூற்றுக்கு மேற்பட்ட வீட்டார் சேர்ந்துகொண்டனர். வெட்டாத தரைகளில் தேனீக்கள் ஐந்து மடங்கும், அவற்றின் வகைகள் மூன்று மடங்கும் கூடுதலாக இருந்தன என்று ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை அவ்வருஷமே வெளிவந்தது. பத்திரிகைகள் அதனை ஊரெங்கும் எடுத்துச் சென்றன. பல நகரங்கள் அக்கணக்கைக் காட்டியே தாமும் தொடங்கின. 2022ஆம் வருஷம் அக்கட்டுரையின் தரவுகளில் ஒவ்வாமைகள் காணப்பட்டு, அது திரும்பப் பெறப்பட்டது. ஆசிரியர்கள்மீது நாம் வஞ்சகம் கற்பிக்கவில்லை. கணக்கெழுதுவோர்க்குப் பிழை நேர்வதை நம்மைக் காட்டிலும் அறிந்தவர் யார்? ஆனால் தொகை பிழைத்த ஏட்டை வைத்துக்கொண்டு சம்பளம் போடலாகாது; நல்ல காரியத்துக்கான ஏடாயினும் அதே விதிதான்.

இதனைக் கேட்ட இரு சாராரும் நமக்கு மனக்கசப்பையே தந்தனர். புல்வெட்டும் பொறியை விட மனமில்லாதவர்கள், பார்த்தீர்களா, எல்லாம் புரட்டு என்று கைகொட்டினார்கள். ஒரு கட்டுரை விழுந்ததால் ராணித் தேனீக்குப் பசி இல்லாமற் போய்விடுமா? பிரசாரகருட் சிலரோ, நோக்கம் நல்லதாயிற்றே, கணக்கைப் பெரிதுபடுத்துவானேன் என்றார்கள். இந்த இரண்டாம் பேச்சே அதிக ஆபத்தானது என்பது நம் அபிப்பிராயம். நோக்கம் நல்லதென்பதற்காகச் சான்றைச் சோதியாமல் விடுவது, பூசாரி சொன்னாரென்று திருநீற்றை மருந்தாகத் தின்பதற்கு என்ன வேறுபாடு? பகுத்தறிவு என்பது எதிராளியின் கணக்கை மட்டும் கூட்டிப் பார்ப்பதன்று.

கவனத்தோடு செய்த வேறோர் ஆராய்ச்சி மாசசூசெட்ஸ் மாகாணத்து ஸ்பிரிங்பீல்டில் நடந்தது. 2018ஆம் வருஷம் வெளியாயிற்று. 16 வீட்டுத் தரைகளைச் சிலவற்றை வாரம் ஒருமுறையும், சிலவற்றை 2 வாரத்துக்கு ஒருமுறையும், சிலவற்றை 3 வாரத்துக்கு ஒருமுறையும் வெட்டிப் பார்த்தனர். சாதாரண வீட்டுத் தரைகளில் 93 வகைத் தேனீக்கள் அகப்பட்டன என்பதே நமக்கு வியப்பு. 3 வாரம் விட்ட தரையிற் பூக்கள் மற்றவற்றைக் காட்டிலும் இரண்டரை மடங்குவரை மிகுந்திருந்தன. ஆனால் தேனீக்களின் எண்ணிக்கை மிகுந்தது 3 வாரத் தரையில் அன்று. 2 வாரத் தரையில். அங்கே எண்ணிக்கை மிகுந்தும் வகை குறைந்திருந்தது. புல் உயரமாய் நின்றபோது தாழ்ந்த பூக்களை எட்டுவது தேனீக்கு வருத்தமாயிருந்திருக்கலாம் என்பது அவர்கள் கூறிய காரணங்களில் ஒன்று. ஆகவே விட்டுவிட்டாற் போதும், விட விட நன்மை பெருகும் என்பது உண்மையன்று. மே முழுதும் விட்டுவிட்டு ஜூன் முதல் தேதியில் ஒரே மூச்சில் மழித்துவிட்டால், அதுவரை அங்கே உண்டு பழகியவை ஒரே பகலிற் பந்தி இழக்கும். ஒதுங்கியிருந்த சிற்றுயிர்கள் கத்தியில் அகப்படும். ஓரிடம் குறுக, ஓரிடம் நீள, மாற்றி மாற்றி வெட்டுவதே தக்கது என்று இப்போது பலர் சொல்கின்றனர்.

இதனால் நாம் அறிந்தது யாதெனில், வெட்டாமை என்பது சும்மா இருத்தல் அன்று. எதை விடுவது, எந்நாள்வரை விடுவது, விட்டபின் எது வந்தது என்று குனிந்து பார்ப்பவனுக்கே அது அறம். பாராதவனுக்கு அது வெறும் அசட்டை. இரண்டும் வெளித்தோற்றத்தில் ஒன்றே. முழங்கால் உயரம் புல். தெருவில் நடப்பவர் பார்த்துச் சொல்ல முடியாது. கொல்லாமையும் இப்படித்தான், இரக்கத்தாற் கொல்லாதவனையும் கத்தி மொட்டையாயிருந்ததாற் கொல்லாதவனையும் செத்துப்போகாத ஆடு வேறுபடுத்தி அறியுமோ? ஆட்டுக்கு வேண்டியது உயிர். அதற்கு இரண்டும் ஒன்றே என்று ஒருவர் வாதிக்கலாம். அவ்வாதத்தை நாம் எளிதில் தள்ளோம். ஆயினும் கத்தி தீட்டப்படும் நாளில் முதல்வனே ஆட்டுக்கு உதவுவான்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இங்கே வசந்தமும் இல்லை, மே மாதத்துக்குத் தனிச் சிறப்பும் இல்லை. புல் பன்னிரண்டு மாதமும் வளரும். ஆதலின் அவர்கள் விதியை அப்படியே இங்கு நடுவது, மூங்கிற் குச்சியைப் பனிக்கட்டியில் ஊன்றுவது போலாம். ஆனால் புல்தரை மட்டும் நமக்குப் புதிதன்று. வெள்ளைக்காரத் துரைகள் தங்கள் ஊர் நினைவாகப் பங்களா முன்னும் கிளப் முன்னும் கொணர்ந்து பரப்பிய பச்சைப் பாய் அது. சிங்கப்பூர்ப் பாடாங் 2022ஆம் வருஷம் தேசிய நினைவுச் சின்னமாகவே அறிவிக்கப்பட்டது. அத்தகைய தரைகளைச் செதுக்கிய கைகளிற் பல நம்மவர் கைகள்.

சிங்கப்பூரில் 2020ஆம் வருஷம் நிகழ்ந்த ஒன்றை நாம் மறக்கமுடியவில்லை. கொரோனா நோயைத் தடுக்க ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை நகரம் அடைக்கப்பட்டபோது, அத்தியாவசியம் அல்லாத வேலைகளோடு புல் வெட்டும் வேலையும் நின்றது. சாலையோரம் நீண்டு வளர்ந்தது. எவரும் விதைக்காத பூக்கள் மலர்ந்தன, வண்ணத்துப்பூச்சிகள் வந்தன. மாலையில் நடக்க வந்தவர்கள் படமெடுத்துப் பரப்பினார்கள். இப்படியே விட்டால் என்ன என்று கேட்டவர்கள் உண்டு. பாம்பும் கொசுவும் வரும் என்று முறையிட்டவர்களும் உண்டு. பின்னர் சில இடங்களை இயற்கையாக விடவும் செய்தார்கள். நல்லதே.

ஆனால் அந்தப் பூக்களின் அழகைப் பற்றிப் பேசியவர்களில் எத்தனை பேர், அப்புல்லை நாள்தோறும் வெட்டி வந்தவன் எங்கே என்று கேட்டார்கள்? அவ்வேலை செய்வோருட் பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்தும் வங்காள தேசத்திலிருந்தும் வந்த கூலியாட்கள். அவ்வாண்டில் 3 லட்சத்துக்கு மேற்பட்ட வெளிநாட்டுத் தொழிலாளர் விடுதிகளில் அடைபட்டுக் கிடந்தனர். ஜூன் பிறந்து நகரத்தார் வெளியே வந்த பின்பும் பல மாதம் அவர்களுக்குக் கதவு முற்றும் திறக்கவில்லை. வெளியே வண்ணத்துப்பூச்சி பறந்தது. உள்ளே ஓரறையிற் பலர் அடுக்குக் கட்டிலிற் படுத்து நோய்க்கு அஞ்சிக் கிடந்தனர். எவரும் எண்ணி விட்ட புல் அன்று அது. வெட்டுபவன் பூட்டப்பட்டதால் வளர்ந்த புல். அதனால் அந்தப் பூக்கள் குற்றமுடையன என்று நாம் சொல்லவில்லை. தேனீக்கு அதில் தேன் குறைந்திருக்கவும் மாட்டாது. இருந்தும், அந்தக் காட்சியை ஒரு தர்மமாகக் கொண்டாட நமக்கு நா எழவில்லை.

தோட்டத்தில் உள்ளவர்களுக்கு இவ்விஷயம் வேறோர் வழியிலும் பழகியதே. செம்பனை ஆப்பிரிக்கா தந்த மரம். அது இந்நாட்டுக்கு வந்தபோது அதன் பூவைக் கருவுறச் செய்யும் சிறு மூக்குவண்டு உடன் வரவில்லை. காற்றே அவ்வேலையைச் செய்கிறது என்று நெடுநாள் எண்ணியிருந்தனர். காய் பிடிப்பது போதாமையால், ஆண்பூவின் தூளைப் பவுடரோடு கலந்து பெண்பூவில் ஊதும் வேலைக்கு ஆட்கள் வைக்கப்பட்டனர். தோட்டத்து மூத்த பெண்களிற் சிலர் அக்கதையை இன்றும் சொல்வர். ரஹ்மான் சையது என்னும் பூச்சியியல் அறிஞர் கேமரூனில் ஆராய்ந்து, இது வண்டின் வேலை என்று நிறுவிய பின், 1981ஆம் வருஷம் அவ்வண்டு ஜொகூரில் விடப்பட்டது. சில காலத்துக்குள் எங்கும் பரவிற்று. ஊதும் வேலை நின்றது. எந்தப் பெரட்டிலும் பெயர் கொடுக்காத, எந்தச் செக்ரோலிலும் பேரேறாத அந்த வண்டு இன்றும் அவ்வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. அது முட்டையிட்டுக் குஞ்சு வளர்ப்பது எங்கே தெரியுமா? பூத்து முடிந்து அழுகும் ஆண்பூக் குலையில். பார்ப்பவனுக்குக் குப்பை, அதற்குத் தொட்டில். மரத்தை மிகச் சுத்தமாக வைக்கவேண்டும் என்று அந்தக் குலைகளையெல்லாம் வெட்டி அகற்றும் தோட்டம் தன் தலையிலேயே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும்.

ஆயினும் தோட்டத்தில் எல்லாவற்றையும் விட்டுவிடவும் இயலாது. லாலாங் பிடித்தால் வெயில் நாளிற் பற்றி எரியும். அசிஸ்தாசியா இளங்கன்றின் சத்தை உறிஞ்சி மூடிவிடும். எதை விடுவது என்று தெரிந்தவர் வேண்டும். அப்படித் தெரிந்த ஒருவரை அறியாமல் தண்டித்த கதையைச் சொல்லாது இக்கட்டுரையை முடிக்க நமக்கு உரிமையில்லை.

2025ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் ஒரு நாள். லயத்தைச் சுற்றிப் புல் வெட்டும் வேலையில் அறுபதை நெருங்கிய அம்மாள் ஒருவர் இருக்கிறார். வாய்க்காலோரம் நாலு பாய் விரிக்கும் அளவு இடத்தை அவர் வெட்டாமல் விட்டிருந்தார். தொட்டாற்சிணுங்கியும் சிறு மஞ்சட் பூண்டுகளும் அங்கே பூத்துக் கிடந்தன. மண்டோர் வந்து, வேலை முடியவில்லை, அரைநாள் போடுங்கள் என்றார். நாம் அம்மாளை அழைத்துக் கேட்டோம்.

"விடியக் காலையில பூச்சிங்க அதுலதான் மேயுதுங்க, கிராணி ஐயா. பத்து மணிக்கு மேல பூ சுருங்கிப் போவும். அடுத்த பூ அந்தப் பக்கம் வரட்டும், அப்புறம் இத வெட்டிடறேன்" என்றார்.

மண்டோர் சிரித்தார். அம்மாளின் பேரன் வீட்டுக்குப் பின்னால் கெலுலுட் தேன்கூடு மூன்று வைத்திருக்கிறான், தேன் விற்கிறான், அதற்குத்தான் இந்த ஞானம் என்றார். நமக்கும் அது நியாயமாகவே பட்டது. சொந்த லாபத்துக்காகக் கம்பெனி வேலையைக் குறைத்தால் எப்படி, அம்மா என்று கேட்டோம்.

"மூணு கூடு எங்களுது, ஐயா. மத்த பூச்சியெல்லாம் யாருதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

அதனை வாய்த்துடுக்கு என்று கருதினோம். அரைநாள் என்று எழுதினோம். மாதச் சம்பளம் 1,700 வெள்ளியை 26 நாளால் வகுத்துப் பாதியாக்கினால் 32 வெள்ளி 69 காசு. செக்ரோலில் முழு நாளுக்கு ஒரு குறி, அரைநாளுக்கு ஒரு குறி உண்டு. ஏன் என்பதற்குக் கட்டம் இல்லை.

மேற்சொன்ன ஆராய்ச்சிகளையெல்லாம் நாம் ஊன்றிப் படித்தது அதற்குப் பின்னரே. எல்லாவற்றையும் விட்டுவிடாமல், ஓரிடத்தை விட்டு ஓரிடத்தை வெட்டி, அடுத்தது பூத்தபின் முன்னதை வெட்டுவது என்று மேல்நாட்டார் பல வருஷம் வாதாடி வந்து சேர்ந்த முறை, அம்மாள் வாய்க்காலோரத்திற் சொன்ன அதே முறையாயிருந்தது. பேரனின் தேன் அவர் மனத்தில் இருந்ததா எனின், இருந்திருக்கும். பிரிட்டனில் மே மாதம் பொறியைக் கொட்டகையில் வைப்பவரின் மனத்திலும் ஞாயிற்றுக்கிழமை ஓய்வு இருந்திருக்கும். அவருக்கு நாம் நற்சாட்சி கொடுத்தோம். இவருக்குக் கூலி பிடித்தோம். சொந்தத் தரையில் வெட்டாதவன் அறவோன், பிறர் தரையில் வெட்டாதவள் சோம்பேறி என்ற நம் தராசுக்கு எந்த நீதிநூலிலும் ஆதாரம் காணோம். இருந்தாலும் ஒன்று சொல்லவேண்டும். கம்பெனியின் நிலத்தில் எதை விடுவது என்று தீர்மானிக்கும் உரிமை கூலியாளுக்கு உண்டா என்று மேலதிகாரி கேட்டால், நம்மிடம் இன்றுவரை நேரான விடையில்லை. கேளாமலே விட்டார் என்பது உண்மை. கேட்டிருந்தால் நாம் மறுத்திருப்போம் என்பதும் உண்மை.

ஒரு மாலை அம்மாளின் வீட்டுக்குச் சென்று, நீங்கள் சொன்னதையே பெரிய படிப்பாளிகளும் சொல்கிறார்கள் என்றோம். அவருக்கு அது பெரிய செய்தியாகத் தோன்றவில்லை.

"அப்ப அந்த அரைநாளு?" என்று கேட்டார்.

சட்டைப் பையிலிருந்து 33 வெள்ளியை எடுத்து நீட்டினோம். அவர் கைநீட்டவில்லை. "உங்க காசு எனக்கு எதுக்குங்க, ஐயா? பேர்ல போடுங்க" என்றார்.

பேரேட்டில் முடிந்த மாதத்தைத் திறக்கக் கிராணிக்கு அதிகாரம் இல்லை. அன்றைய அரைநாளை முழுநாளாகத் திருத்தி, நிலுவையை அடுத்த சம்பளத்திற் சேர்க்கவேண்டும் என்று, காரணத்தையும் எழுதி, மேலிடத்துக்கு மனுச் செய்திருக்கிறோம். காரணம் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று ஒரு பகல் முழுதும் யோசித்தோம். கடைசியில், 'வேலை சரியாகவே செய்யப்பட்டிருந்தது. பதிவில் பிழை' என்று எழுதிக் கையெழுத்திட்டோம். பதில் இன்னும் வரவில்லை. வாய்க்காலின் அந்தப் பக்கம் இப்போது பூத்திருக்கிறது. இந்தப் பக்கத்தை அம்மாள் சென்ற வாரம் வெட்டிவிட்டார்.